ஷின் காட்ஸில்லா ஃபிகரும் அதன் மறுவெளியீடும்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

படங்களில் வரும் ராட்சத மிருகங்களின் ஃபிகர்களை, அதாவது மூட்டுகள் அசையும் சேகரிப்புப் பொம்மைகளைச் சேர்க்கும் ஆசை உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, ஜப்பானுக்கு வேலைக்கு வந்து, முதல் சம்பளம் வாங்கியதும், டோக்கியோவில் இந்த மாதிரிக் கடைகள் நிறைந்த அகிஹபாரா பக்கம் போகத் தோன்றுகிறவர்களுக்கு. நான் பேசப்போவது ஒரே ஒரு ஃபிகரைப் பற்றித்தான். ஜப்பானியப் பொம்மை நிறுவனமான பண்டாயின் எஸ்.எச்.மான்ஸ்டர்ஆர்ட்ஸ் வரிசையில் வந்த 2016 காட்ஸில்லா, அதாவது ஷின் காட்ஸில்லா படத்தில் வருவது; அது உருமாறி அடையும் நான்காம் வடிவம், விழித்தெழுந்த நிலை. முதுகுத் தகடுகள் ஊதா நிறத்தில் ஒளி ஊடுருவும்படி இருக்குமே, அதுதான். இதற்காக நான் போலி ஒன்று, பழைய முதல் வெளியீடு ஒன்று, மறுவெளியீடு ஒன்று என மூன்று முறை பணம் கட்டியிருக்கிறேன். கடைசியாக வாங்கியதை மட்டும் முதலிலேயே வாங்கியிருந்தால் நாற்பதாயிரம் யென்னுக்கு அருகில் மிச்சமாகியிருக்கும். இதையெல்லாம் சொல்ல அப்போது எனக்கு ஆள் இல்லை. டோக்கியோவில் நான் இருக்கும் பக்கமான நிஷி-கசாயில் தமிழ் நண்பர்கள் நிறையப் பேர் உண்டு, ஆனால் இந்த ஆசை உள்ள ஒருவரையும் எனக்குத் தெரியாது.

ஏன் இந்த ஃபிகர் என்று கேட்டால் படத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஷின் காட்ஸில்லா ஜப்பானில் 2016 ஜூலை 29 அன்று வெளியானது. ஹிதேயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் சேர்ந்து எடுத்த படம். இதில் வரும் காட்ஸில்லாதான் அதுவரை வந்த ஜப்பானியக் காட்ஸில்லாக்களிலேயே உயரமானது, 118.5 மீட்டர். தக்கயுகி தகேயா செதுக்கிய மாதிரி உருவத்தை வைத்துத்தான் இந்த உடம்பு பிறந்தது. ஆறாத தீக்காயம் போன்ற தோல், உள்ளே சிவப்பு, குட்டிக் கைகள், உடம்பைவிட நீளமான வால். உடைக்குள் ஆள் புகுந்து நடிக்காமல், ஜப்பானின் மரபு நாடகமான கியோகென் கலைஞர் நொமுரா மான்சாயின் அசைவுகளைப் பதிவு செய்து கணினியில் நடக்கவிட்டார்கள். அதனால்தான் அது நடக்கும்போது மேல் உடம்பு அசையாமல் மிதந்து வருவதுபோல இருக்கும். இரவுக் காட்சியில் கீழ்த்தாடை இரண்டாகப் பிளந்து, முதலில் நெருப்பாக வந்தது மெல்ல ஊதாக் கதிராகச் சுருங்கி, டோக்கியோவின் நடுவே கட்டடங்களைச் சீவிக்கொண்டு போகும். நான் தினமும் ரயிலில் கடக்கிற ஊர் அது. அந்தக் காட்சியை மேசைமேல் நிறுத்தி வைக்க முடியும் என்று தெரிந்ததும் ஆசையை அடக்க முடியவில்லை. 1954 நவம்பர் 3 அன்று தொடங்கிய இந்தப் பட வரிசையில் எனக்கு மிகவும் நெருக்கமான காட்ஸில்லா இதுதான், இன்றுவரை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் விற்பனை விளம்பரங்களில் இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. எஸ்.எச்.மான்ஸ்டர்ஆர்ட்ஸ் வரிசையில் 2016 காட்ஸில்லா பல விதமாக வந்திருக்கிறது. கறுப்பு உடம்பில் சிவப்பு ஓடும் சாதாரண ஃபிகர் ஒன்று, ஊதா நிறத்தில் விழித்தெழுந்த நிலை இன்னொன்று, படத்தின் முடிவில் உறைந்து நிற்பதைக் காட்டும் வெளிறிய நிறத்தது மற்றொன்று. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், சாதாரண ஃபிகரின் படத்தைப் போட்டு விழித்தெழுந்த நிலையின் விலையைக் கேட்கிறவர்கள் உண்டு. தலைப்பை நம்பாதீர்கள். டப்பாவின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமாகக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

நான் தேடத் தொடங்கியபோது முதல் வெளியீடு கடைகளில் தீர்ந்து வெகு காலமாகியிருந்தது. ஆளுக்கு ஆள் விற்கும் செயலி ஒன்றில், கிட்டத்தட்டப் புதியது என்ற குறிப்போடு 13,500 யென்னுக்கு ஒன்று கிடைத்தது. மற்றவர்கள் கேட்ட விலையில் பாதிக்கும் குறைவு. பார்சல் வந்த அன்றே விற்றவரிடமிருந்து மிகப் பணிவான செய்தி வந்தது: வெளியூர் போகிறேன், பெற்றுக்கொண்டதாகச் சீக்கிரம் மதிப்பீடு செய்துவிட்டால் உதவியாக இருக்கும் என்று. இந்த ஊரில் அப்படிக் கேட்டால் செய்துகொடுப்பதுதான் வழக்கம். இந்த மாதிரிச் செயலிகளில் நாம் கட்டிய பணம் முதலில் நடுவில்தான் நிற்கும், பொதுவாக வாங்கியவர் மதிப்பீட்டை அழுத்திய பிறகுதான் விற்றவருக்குப் போகும். அழுத்திய பிறகு அந்தக் கணக்கு முடிந்தது. டப்பாவைத் திறந்தபோது தலைவலி வருகிற அளவுக்கு பிளாஸ்டிக் நாற்றம். முதுகுத் தகடுகளில் ஒளி ஊடுருவவே இல்லை, கலங்கிய ஊதா. பற்களின் வெள்ளை ஈறுவரை வழிந்திருந்தது. ஒரு கால் மூட்டு அசையவே இல்லை, மற்றது தொங்கியது. விளக்கத் தாள் மங்கலான நகல். டப்பாவில் இருக்க வேண்டிய, காட்ஸில்லா படங்களைத் தயாரிக்கும் தோஹோ நிறுவனத்தின் உரிமைக் குறிப்பு இருந்த இடத்தில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி வாசிக்கவே முடியவில்லை. போலி. செயலியின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். மதிப்பீடு முடிந்துவிட்டதால் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. விற்றவர் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

அன்று இரவு எனக்கு வந்தது கோபத்தைவிடப் பெரிய அவமானம். மொழி அரைகுறையாகத் தெரிந்த ஊரில் ஏமாறும்போது, யாரிடம் போய் எப்படிச் சொல்வது என்ற திகைப்பே பாதி உயிரை எடுத்துவிடும். அதனால் அடுத்து வருகிறவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்: யார் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், பார்சலைத் திறந்து, ஒவ்வொரு மூட்டையும் அசைத்துப் பார்த்து, கூட வர வேண்டிய பாகங்களை எண்ணிவிட்டுத்தான் மதிப்பீட்டைத் தொட வேண்டும். திறப்பதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் இருப்பது நிறுவனம் வெளியிட்ட படம் மட்டும்தான் என்றால், விற்பவர் வீட்டு மேசைமேல் வைத்து எடுத்த படம் கேளுங்கள். தர மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். ஜப்பானில் 188 என்ற நுகர்வோர் ஆலோசனை எண் இருக்கிறது. கடைகளோடு வரும் சிக்கல்களுக்குத்தான் அது அதிகம் உதவும் என்றாலும், அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தயங்க வேண்டாம்.

அதன் பிறகு தனி ஆட்களிடம் வாங்குவதையே நிறுத்திவிட்டு நகானோ பிராட்வே போனேன். நகானோ ரயில் நிலையத்தின் வடக்கு வாசலில் இறங்கி, கூரை போட்ட கடைத்தெரு வழியாக நேரே நடந்தால் அந்தப் பழைய கட்டடம் வரும். மேல்தளங்களில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் அறுபது வருஷத்துக் காட்ஸில்லாக்கள் நிற்கும். பார்த்துக்கொண்டே ஒரு பகல் போய்விடும். அங்கே பழைய சாமான் விற்கும் ஒரு சிறிய கடையில் முதல் வெளியீடு 34,000 யென்னுக்கு இருந்தது. உண்மையானதுதான், அதில் சந்தேகமே இல்லை. விலைச்சீட்டில் ஜப்பானிய மொழியில் சிறிய குறிப்புகள் இருந்தன. அவற்றில் பாதிதான் எனக்குப் புரிந்தது.

அந்தக் குறிப்புகளை இங்கே விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் போவதும் மிச்சமாவதும் அந்த நாலைந்து வார்த்தைகளில்தான் இருக்கிறது. மிகைஃபூ என்றால் டப்பா திறக்கப்படவே இல்லை. சூகோ என்றால் ஒருவர் கைபட்டது. ஹகோ-இதாமி என்றால் டப்பாவில் மட்டும் அடி. காட்சிக்கு நிறுத்தி வைக்க வாங்குகிறவருக்கு இது நல்ல செய்தி, விலை குறையும், உள்ளே இருப்பது நன்றாகவே இருக்கும். கெப்பின் என்றால் பாகம் குறைகிறது, எந்தப் பாகம் என்று கட்டாயம் கேட்க வேண்டும். ஜங்க் என்று போட்டிருந்தால் உடைந்தது, எந்தப் பொறுப்பும் கடை ஏற்காது. நான் வாங்கியதில் இருந்த வார்த்தை பெதாத்சுகி, அதாவது பிசுபிசுப்பு. கடைக்காரர் அதைக் காட்டி ஏதோ வேகமாகச் சொன்னார், நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து கையில் எடுத்தபோதுதான் அதன் பொருள் விரலில் ஒட்டியது. முதுகுத் தகடுகளும் வாலும் வெல்லப்பாகு தடவியதுபோல இருந்தன, அதன்மேல் தூசி படிந்திருந்தது.

இது ஏன் வருகிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த ஃபிகர்களில் மென்மையான பாகங்கள் பிவிசி என்ற பிளாஸ்டிக், கெட்டியான மூட்டுகள் ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக். பிவிசி இயல்பில் விறைப்பானது. வளைந்துகொடுப்பதற்காக அதில் பிளாஸ்டிசைசர் எனப்படும் எண்ணெய் போன்ற பொருளைச் சேர்க்கிறார்கள். வருஷக்கணக்கில், அதுவும் சூடான இடத்தில் காற்றோட்டம் இல்லாமல் மூடி வைத்தால், அந்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து மேற்பரப்பில் தங்கிவிடும். ஆக, திறக்காத டப்பாவில் பத்திரமாக இருந்தது என்று நாம் நினைக்கிற ஃபிகர்தான் சில சமயம் அதிகமாகப் பிசுபிசுக்கும். வெயில் பட்டால் இன்னொரு கெடுதல்: ஒளி ஊடுருவும் பாகங்கள் மஞ்சளாகத் தொடங்கும். என்னிடம் வந்ததில் ஒரு பக்கத் தகடுகள் மட்டும் பழுப்பேறியிருந்தன, முன்பு வைத்திருந்தவர் வீட்டில் அந்தப் பக்கம் ஜன்னல் இருந்திருக்க வேண்டும். பிசுபிசுப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் மென்மையான திரவம் சில சொட்டு விட்டு, பழைய பல்தூரிகையால் மெதுவாகத் தேய்த்து எடுத்தேன். ஓரளவு போனது, சில மாதங்களில் கொஞ்சம் திரும்பியது, மறுபடி கழுவினேன். தின்னர், அசிட்டோன் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், பெயின்ட்டோடு சேர்த்து பிளாஸ்டிக்கையும் அரித்துவிடும். மஞ்சளுக்கு நான் பார்த்தவரை வைத்தியம் இல்லை.

அடுத்த வேதனை வால். இந்த ஃபிகரின் அழகே வால்தான். ஃபிகரின் உயரம் சுமார் 18 சென்டிமீட்டர், வாலை நீட்டி வைத்தால் மேசையில் அதற்கு மேலும் இடம் கேட்கும். கண்ணி கண்ணியாகக் கோத்திருப்பதால் ஒவ்வொரு இணைப்பையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி, தலைக்குமேல் உயர்ந்து சுருளும்படி நிறுத்தலாம். ஆனால் வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்த இணைப்பில் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். வாலின் நடுவில் ஒரு இணைப்பைத் திருப்பும்போது டக்கென்று ஒரு சத்தம், உள்ளே இருந்த முளை முறிந்து பாதி வால் கையோடு வந்துவிட்டது. 34,000 யென் கொடுத்து வாங்கிய முதல் மாதத்திலேயே. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தொண்டை அடைத்தது. பழைய ஃபிகர் எது வாங்கினாலும், எந்த மூட்டையும் அசைக்கும் முன் முடி உலர்த்தியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து மிதமான சூடு காட்டுங்கள், அல்லது சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள். பிவிசி இளகும், ஒட்டிய பெயின்ட் விடும். பிறகு வாலை முனையில் பிடித்துத் திருப்பாமல், இணைப்புக்கு இரு பக்கமும் விரல் வைத்து முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள். முறிந்துவிட்டால் பயப்பட வேண்டாம். மாடல் கடைகளில் கிடைக்கும் கைத் துளைப்பானால் இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு, அதே கனமுள்ள பித்தளைக் கம்பியை நறுக்கிச் செருகி, துளி உடனடிப் பசையால் ஒட்டலாம். பசை கூடினால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும். நான் ஒட்டியது இன்றும் நிற்கிறது, ஆனால் அந்த ஒரு இணைப்பு இனித் திரும்பாது.

வாலை ஒட்டிய பசை காய்ந்த சமயத்தில்தான் மறுவெளியீட்டு அறிவிப்பு வந்தது. கொஞ்ச காலத்துக்கு முன் நகானோவில் நான் கொடுத்த தொகையில் பாதிகூட இல்லை அதன் விலை. ஃபிகர் புதியது, டப்பா புதியது, வால் முழுசு. பழைய முதல் வெளியீடுகளின் விலையும் அந்த வாரமே இறங்கத் தொடங்கியது. எனக்கு உண்மையாகவே வயிற்றெரிச்சல். சொந்த உழைப்பில் வந்த பணம், ஊருக்கு அனுப்பியிருக்கலாம். இதில் ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்: அச்சு கையில் இருக்கும் ஃபிகரை நிறுவனம் திரும்பக் கொண்டுவருவதற்குக் காரணம் ஏதாவது ஒன்று வரும். புதுப் படம், ஆண்டு விழா, பழைய படத்தின் மறுதிரையிடல். காட்ஸில்லா மைனஸ் ஒன் 2023 நவம்பர் 3 அன்று வந்தது, அடுத்த ஆண்டே அதற்கு ஆஸ்கர் கிடைத்தது, அதே 2024இல் காட்ஸில்லாவுக்கு எழுபது வயது. ஷின் காட்ஸில்லாவின் கறுப்பு வெள்ளைப் பதிப்பும் 2023 அக்டோபரில் திரைக்கு வந்தது. இப்படிப்பட்ட காலத்துக்குச் சற்று முன்னால் பழையதற்கு மூன்று மடங்கு கொடுப்பது வீண். தேடும்போது ஃபிகரின் ஜப்பானியப் பெயரோடு சாய்ஹான் என்ற வார்த்தையைச் சேர்த்துத் தேடுங்கள். மறுவெளியீட்டுச் செய்திகள் அந்தப் பெயரில்தான் வரும்.

முன்பதிவு இன்னொரு போராட்டம். இணையக் கடைகளில் குறிப்பிட்ட நேரத்துக்குத் திறக்கும், பெரும்பாலும் மாலை 4 மணி, வேலை நேரம். சில நிமிஷங்களில் தீர்ந்தது. ஆனால் அத்தோடு முடிந்துவிடுவதில்லை. மொத்தமாக வாங்கி விற்கிறவர்களில் பலர், பணம் கட்டும் தேதி நெருங்கும்போது ரத்து செய்வார்கள். அப்போது ஒன்றிரண்டாகக் கடைகளில் திரும்பத் தலைகாட்டும். வெளியாகும் நாளில் பெரிய மின்சாதனக் கடைகளின் பொம்மைத் தளத்துக்கும் கொஞ்சம் வரும். எனக்கு அப்படி ரத்தானது ஒன்று, சரியான விலையில் கிடைத்தது. பல மாதம் காத்திருந்தேன், அந்தக் காத்திருப்புக்கு ஒரு யென்கூடச் செலவில்லை.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்ததைச் சொல்கிறேன். செதுக்கிய உருவத்தில், தோலின் மடிப்பில், பற்களின் ஒழுங்கற்ற வரிசையில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஊதாவில் தெரிகிற வேறுபாடு, ஒன்று வெயிலில் நின்றது மற்றது நிற்கவில்லை என்பதால் வந்தது. மறுவெளியீட்டின் தகடுகளுக்குப் பின்னால் ஒரு சிறிய விளக்கை வைத்தால் முதுகு முழுக்க உள்ளிருந்து எரிவதுபோல இருக்கிறது. வாயில் கதிர் பாகத்தைப் பொருத்தி, வாலைச் சுருட்டி, கண் மட்டத்துக்குக் கீழே கேமராவை வைத்துப் பாருங்கள், திரையரங்கில் பார்த்த அந்த இரவு அப்படியே வரும். கைகள் சிறியவை, அதிகம் அசையாது, படத்திலும் அப்படித்தான். கால் இடுக்கிலும் கழுத்திலும் அசைவு கொஞ்சம்தான், இந்த உடம்பின் அமைப்புக்கு அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நிறுத்தி ரசிக்க வாங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் மறுவெளியீட்டைச் சொல்வேன். முதல் வெளியீட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், அதன் டப்பாவை வைத்து நாளை விற்க நினைப்பவருக்கு மட்டுமே பொருள்படும். அவருக்கும் ஒரு மறுவெளியீட்டு அறிவிப்பு போதும், கணக்கு கவிழ.

மறுவெளியீட்டை வைத்திருக்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், மாதம் ஒருமுறை கதவு திறந்துவிடும் கண்ணாடி அலமாரி. டப்பாவுக்குள் போடுவதென்றால் டப்பாவுக்குள் ஃபிகர் உட்காரும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தட்டில் நேராகப் படாமல், கூட வரும் மெல்லிய தாள்களை அந்தந்த இடத்தில் வைத்துத்தான் மூடுகிறேன். கோடையில் டோக்கியோ வீடுகளின் உள்சுவர் அலமாரி அடுப்பாகிவிடும், அங்கே எதையும் வைப்பதில்லை.

மதுரையில் இருக்கும் என் சித்தி மகன் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "அண்ணே, எனக்கும் ஒண்ணு பார்சல்ல அனுப்பிவிடுங்க"ன்னான். விசாரித்தபோதுதான் இந்தியாவில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டதைப் படித்தேன். அதோடு, பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற விதியும் 2021 ஜனவரி முதல் இருக்கிறது. வரி விகிதங்கள் மாறிக்கொண்டே இருப்பவை, அனுப்பும் நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பார்சல் சுங்கத்தில் பொம்மை என்று வகைப்பட்டு நின்றுவிட்டால், எடுக்கும் செலவு ஃபிகரின் விலையைத் தொட்டுவிடக்கூடும் என்பதை மனதில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் பார்சல் அனுப்பவில்லை. ஊருக்குப் போகும்போது துணிகளுக்கு நடுவில், ரசீதோடு கைப்பையில் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறேன்.

போலியை யாருக்கும் விற்கவில்லை. ஜப்பானில் போலி என்று தெரிந்தே விற்பது குற்றம், தவிர அடுத்தவர் தலையில் கட்ட மனம் வராது. அதைப் பிரித்துப் போட்டு, பெயின்ட் அடித்துப் பழகவும், துளை போட்டுப் பழகவும் வைத்திருக்கிறேன். நகானோவில் வாங்கிய முதல் வெளியீட்டைச் சமீபத்தில் விற்றேன். பிசுபிசுப்பு, பழுப்பேறிய தகடுகள், கம்பி வைத்து ஒட்டிய வால் இணைப்பு என எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டேன். 34,000 கொடுத்தது 9,000 யென்னுக்குப் போனது. வாங்கியவர் அனுப்பும் முன்பே வாலை வீடியோவில் அசைத்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். திறந்து பார்த்து நிதானமாக மதிப்பீடு செய்யுங்கள், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்று அவருக்கு எழுதினேன்.